வைராக்கெயின் வெந்நீர்க் கணக்கு

நியூசிலாந்தின் வைராக்கெயில் 1958இல் புவிவெப்ப மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அங்கே நிலத்தடியில் கிடப்பது பெரும்பாலும் வெந்நீர். கிணற்றின் வழியே மேலேறும்போது அழுத்தம் குறைய, அதில் ஒரு பங்கு ஆவியாகி டர்பைனைச் சுற்றுகிறது. மிஞ்சிய நீரைப் பல பத்தாண்டுகள் வைக்காட்டோ ஆற்றில் விட்டார்கள். எடுத்த அளவுக்கு உள்ளே ஊறவில்லை. ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ 25 பார் இறங்கியது; ஓரிடத்தில் தரையே சுமார் 15 மீட்டர் தாழ்ந்தது.

இதை முன்கூட்டியே அறிய வழியுண்டா? கிணறு இறங்கிய இடங்களைத் தவிர நிலத்தடியில் எதையும் நாம் நேரில் தொட்டதில்லை. அங்கேதான் கணினி மாதிரி கைகொடுக்கிறது. பாறையைச் செங்கல் அடுக்குபோல ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நீரிலும் வெப்பத்திலும் வரவு செலவு எழுதுகிறார்கள். கட்டம் விட்டுக் கட்டம் நீர் எவ்வளவு கசியும் என்பதற்கு, பிரான்சின் ஆன்றி டார்சி 1856இல் வெளியிட்ட விதியே அடிப்படை.

நீர் கொதிக்கத் தொடங்கும் கட்டத்தில்தான் கணக்கு முரண்டு பிடிக்கும். கொதிக்கும் நீரில் அழுத்தம் தெரிந்தாலே வெப்பநிலையும் தெரிந்துவிடுகிறது. எனவே வெப்பநிலையை விட்டுவிட்டு, பாறைத் துளைகளில் ஆவி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கணினி தேட வேண்டும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவான 'டஃப்2' மென்பொருள் இந்த மாற்றத்தைத் தானே செய்துகொள்ளும். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தார் வைராக்கெயின் மாதிரிகளை இதை ஒட்டியே வளர்த்தார்கள்.

மாதிரியை நம்புவதற்கு முன் அதற்கு ஒரு சோதனை வைக்கிறார்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். முதலில் கிணறே இல்லாத நிலத்தை, லட்சக்கணக்கான ஆண்டுகளுக்குக் கணினியில் ஓடவிடுகிறார்கள். அது சென்றடையும் வெப்பநிலை, கிணறுகளில் அளந்ததோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு கிணறுகளைத் திறந்து, பதிவான அழுத்தச் சரிவை அப்படியே திரும்ப நடத்திக்காட்டச் சொல்கிறார்கள். பொருந்தாவிட்டால் பாறையின் ஊடுருவு திறனை மாற்றி மீண்டும் ஓட்டம். நடந்ததைச் சொல்லத் தெரியாத மாதிரியிடம் நடக்கப்போவதைக் கேட்கக் கூடாது. வேறு வேறு பாறை அமைப்புகள் ஒரே கடந்தகாலத்தைத் தந்துவிடலாம் என்பதால், நல்ல ஆய்வாளர் ஒற்றை எண் சொல்லாமல் ஒரு வரம்பையே சொல்வார்.

இன்று வைராக்கெயில் ஆவி நீங்கிய நீரில் ஒரு பகுதியை மறுபடி நிலத்துக்குள் செலுத்துகிறார்கள். எங்கே செலுத்தினால் அது ஆவி எடுக்கும் கிணறுகளைக் குளிர்விக்காது என்பதை முதலில் மாதிரியிடம்தான் கேட்கிறார்கள். ஆனால் அங்கே துள்ளிக்கொண்டிருந்த வெந்நீர் ஊற்றுகள், இந்தக் கணக்குகள் வருவதற்கு முன்பே அடங்கிவிட்டன.