கெலவரப்பள்ளி நுரையும் இரு மாநில வாரியங்களும்

பெங்களூரில் மழை வலுத்தால் ஓசூரை அடுத்துத் தென்பெண்ணையில் உள்ள கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் நுரை பொங்குகிறது. சில சமயம் தரைப்பாலத்தையே மூடிவிடுகிறது. ஆற்றில் இறங்க வேண்டாம் என வருவாய்த் துறை எச்சரிக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினர் நீர் மாதிரி எடுத்துப் போவார்கள். அடுத்த மழைக்கும் இதே கதைதான். இந்த அணையை நம்பிச் சுமார் 8,000 ஏக்கர் பாசனம் இருக்கிறது.

காரணம் ஊரறிந்தது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி, கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் வருகிறது. வழியில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரிநீர் அதில் சேர்கிறது. சரியாகச் சுத்திகரிக்காத கழிவுநீரிலுள்ள சோப்புத்தூள் ரசாயனங்கள், மதகிலிருந்து விழும் வேகத்தில் காற்றோடு கலந்து நுரைக்கின்றன. பெல்லந்தூர் ஏரி 2017இல் தீப்பிடித்தே எரிந்தது. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் பெங்களூரு மாநகராட்சிக்கு 25 கோடியும் அபராதம் விதித்தது.

அணை தமிழ்நாட்டு நீர்வளத் துறையிடம். கழிவுநீர் பெங்களூரு குடிநீர் வடிகால் வாரியத்திடம். அதைக் கண்காணிக்கும் பொறுப்பு கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். ஓசூரில் எடுத்த மாதிரி எவ்வளவு மோசமாக இருந்தாலும், எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குக்கூட நம் அதிகாரி உத்தரவிட முடியாது. நுரை வருடா வருடம் திரும்பி வருவது இதனால்தான்.

இப்படி நேரும் என்று 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. அண்டை மாநில அரசுகள் ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டு வாரியம் அமைக்க அதன் 13ஆவது பிரிவு வழி தருகிறது. மாநில வாரியங்களுக்குள் தகராறு வந்தால் தீர்த்துவைப்பது மத்திய வாரியத்தின் வேலை என்கிறது 16ஆவது பிரிவு.

தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் எழுப்பிய அணையை எதிர்த்துத் தமிழகம் 2018இல் உச்ச நீதிமன்றம் போனது. 1892ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை முன்வைத்து எழுந்த அந்தப் பங்கீட்டுத் தகராறு தீரும்வரை கழிவுநீரும் காத்திருக்க வேண்டியதில்லை. எவ்வளவு நீர் என்பது வேறு, எப்படிப்பட்ட நீர் என்பது வேறு. ஓசூரின் சாக்கடையும் சிப்காட் ஆலைக் கழிவும் எங்கே போகின்றன என்று கர்நாடகம் கேட்டால், அதற்கும் நாம் கணக்குக் காட்டத்தான் வேண்டும்.

கொடியாளத்தில் இரு வாரிய அதிகாரிகளும் சேர்ந்து மாதிரி எடுத்து, முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடட்டும். அதற்கான ஒப்பந்தத்தில் இரு அரசுகளும் அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே கையெழுத்திட வேண்டும்.