பிரெஞ்சு நாட்டு வர்ணமெட்டு

சேலத்திலிருந்து சேர்வராயன் மலையேறி ஏற்காட்டை அடைவோர் காணும் கல்விக்கூடங்களுள் மான்ட்ஃபோர்ட் பள்ளியும் ஒன்று. புனித கபிரியேல் சகோதரர்கள் என்னும் துறவற சபையார் 1917-இல் அதனை நிறுவினர். அப்பெயர் ஆங்கிலம் போல் ஒலித்தாலும், பிரான்சின் மேற்கே பிரெத்தாஞ் மாநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயரே அது. 1673-இல் அவ்வூரிற் பிறந்த லூயி மரி கிரிஞோன் என்ற குருவானவரை அச்சபையார் தம் ஆதித் தந்தையாகப் போற்றுவர். 1947-இல் புனிதர் பட்டம் பெற்ற அவர் சிறந்த போதகர் என்பதைப் பலர் அறிவர். பாட்டுக் கட்டியவர் என்பதை அறிந்தோர் சிலரே.

அவர் இயற்றியவை 160-க்கும் மேற்பட்ட பாடல்கள். கான்தீக் என்பது அவ்வகையின் பெயர். இது கோயிற் பூசைக்குரிய இலத்தீன் பாட்டன்று. மக்கள் தம் தாய்மொழியிலேயே பாடும் பக்திப் பாட்டு. இவற்றுக்குப் பெரும்பாலும் அவர் புதிய மெட்டைத் தேடவில்லை. வீதியிலும் ஆடற்களத்திலும் வழங்கிய மெட்டுகளையே எடுத்துக்கொண்டார். இவ்வாறு ஊரறிந்த மெட்டைப் பிரெஞ்சு மொழியில் தேம்ப்ர் என்பர். பழைய பாட்டின் முதலடியைப் புதிய பாட்டின் தலைப்பில் அச்சிட்டுவிட்டால் போதும். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று போட்டிருப்பார்களே, அதுவேதான். எழுத்தறியாத குடியானவனுக்கு மெட்டு நாவிலேயே இருக்கிறது. சொல்லை மட்டும் கற்பித்தால் ஆயிற்று.

மதுக்கடையில் ஒலித்த மெட்டில் கடவுளைப் பாடலாமா என்று நீங்கள் கேட்கலாம். மெட்டோடு பழைய சொல்லும் நினைவிற்கு வந்துவிடும் அபாயம் உண்டுதான். ஆயினும் மெட்டுக்குச் சாதி கிடையாது என்பதே என் கருத்து. முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தாரல்லவா? நோட்டு சுவரம் எனப்படும் அவற்றுள் ‘ஸந்ததம் பாஹி மாம்’ என்பது ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டே. அதனால் அதிற் பக்தி குறைந்ததென்று எவரும் கூறுவதில்லை.

மெட்டை நாடறிந்திருந்தால் என்னென்ன செய்யலாம் என்பதற்குப் பாரிஸ் நகரச் சந்தைக் கூத்துகள் வேடிக்கையான சான்று. ஏறக்குறைய 1710-இல், சலுகை பெற்ற பெரிய அரங்குகளின் வற்புறுத்தலால், சந்தை நடிகர் மேடையிற் பேசவும் பாடவும் தடை ஏற்பட்டது. அவர்களோ பாட்டின் சொற்களை அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்தனர். வாத்தியக்காரர் மெட்டை வாசித்தனர். கூடியிருந்த ஜனங்களே பாடித் தீர்த்தனர்! தடையுத்தரவு பார்வையாளரைக் கட்டுப்படுத்தாதல்லவா?

அக்குருவானவர் பிறந்த பிரெத்தாஞின் கருவிகளையும் சிறிது கூறவேண்டும். அம்மாநிலத்தின் மேற்குப் பகுதியில் திருமணத்திற்கும் ஆடலுக்கும் பொம்பார்த், பினியூ என்ற இரண்டையும் சேர்த்து ஊதுவர். முன்னது நம் நாகசுரம்போல் இரட்டை நாக்குச் சீவாளி கொண்டது. பின்னது தோற்பையில் காற்றை அடக்கி ஊதும் கருவி. ஒத்துப்போல் இடைவிடாத ஆதார சுருதியும் அதில் உண்டு. பொம்பார்த்தை ஊதுவதற்கு மூச்சு மிகுதியாக வேண்டும். ஆகவே ஓரடி ஊதியதும் வாசிப்பவர் நிறுத்தி இளைப்பாறுவார். அவ்விடைவெளியில் பினியூ அதே அடியை மேல் ஸ்தாயியில் தொடர்ந்து ஊதும். ஆடுவோர் கால்கள் நிற்பதில்லை.