கண்மாய் முள்மரங்களை வெட்டுமுன் இனம் அறிதல்

கோடையில் கண்மாய் வற்றியதும் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது அச்சங்குளம் முதலிய கரிசற் கிராமங்களுக்குப் பழகிய வேலையாகும். அவ்வேலையில், முள்ளுடையவை என்ற ஒரே காரணத்தால் நாட்டு மரங்களும் அரிவாளுக்கு இரையாகின்றன. சீமை மரம் அடிக்கட்டையினின்று விரைவில் துளிர்த்துவிடும். நாட்டுக் கருவேலமோ ஏருக்கும் வண்டிச் சக்கரத்திற்கும் ஏற்ற பருவத்தை அடையப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலால் இனம் அறிந்த பின்னரே வெட்டுதல் வேண்டும்.

சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் கடப்பை ஜில்லாவில் 1877-ஆம் ஆண்டில் இதன் விதை ஊன்றப்பட்டது.

முதலாவது, தூரத்தில் நின்று வளர்ச்சியைக் கவனிக்க. சீமை மரம் பெரும்பாலும் தரையிலிருந்தே பல தண்டுகளாய்க் கிளைத்துப் புதராய்ப் பரவும். கருவேலம் ஒரே அடிமரமாய், கறுத்து வெடித்த பட்டையுடன் நிற்கும். உடைமரத்தின் தலை விரித்த குடைபோல் தட்டையாயிருக்கும்.

வயது முதிர்ந்த சீமை மரம் ஒற்றை அடிமரமாயும் நிற்பதுண்டு. ஆகவே இரண்டாவதாக இலையைப் பறித்துப் பார்க்க. இலைக்காம்பில் ஜோடி ஜோடியாகக் கிளை ஈர்க்குகள் இருக்கும். சீமையில் அவை ஒன்று அல்லது இரண்டு ஜோடியே பெரும்பாலும் காணப்படும், சிற்றிலைகள் நீண்டிருக்கும். கருவேலத்தில் ஈர்க்குகள் மூன்று முதல் ஆறு ஜோடி. சிற்றிலைகள் நெல்மணியிலும் சிறியவை.

வன்னிக்கும் ஈர்க்கு பெரும்பாலும் இரண்டு ஜோடியே. அங்கு முள்ளே சாட்சி. சீமையின் முள் இலை தோன்றும் கணுவில் எழும். வன்னியின் குறுமுள் கணுக்களுக்கு இடையில் சிதறி நிற்கும்.

காய் இருப்பின் ஐயம் முற்றும் நீங்கும். சீமைக் காய் வைக்கோல் நிறமாய்த் தட்டையாய் வளைந்திருக்கும். கருவேலங்காய் மணிகோத்த மாலைபோல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். வன்னிக்காய் மெல்லிய உருளை வடிவினது.

வெட்டுக்கு முந்திய நாள் மரம் அறிந்த பெரியவர் இருவருடன் அங்கத்தினர்கள் கண்மாயைச் சுற்றி வந்து, காக்க வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு வளையம் இடுக. வளையமில்லாத சீமை மரங்களை வெட்டினால் மட்டும் போதாது. தூரையும் தோண்டி எடுத்தல் அவசியம். முற்றிய காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தாலும் புழுக்கையாலும் விதை பரவுமாதலால், காய் முற்றுமுன் இவ்வேலையை முடித்தல் நலம். விதியறியாது வெட்டிய கூலிக்காரரைப் பின்னர்க் குறை கூறுவதிற் பயனில்லை. ஒரு கை சுண்ணாம்பு முன்னரே அக்குறையைத் தவிர்க்கும்.