ஆற்றோரம் கூடாரம் போடுமுன் மேலே பாருங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் "எங்கே போகலாம்?" என்ற பேச்சு தொடங்கிவிடும். நான்கு குடும்பம் சேர்ந்தால் ஹோட்டல் கட்டணம் கையைக் கடிக்கிறது. அதனால் ஆற்றோரச் சாலே வீடு, கூடாரம், வாடகை கேம்பர்வேன் என்று பலர் யோசிக்கிறார்கள். சிலாங்கூரில் உலு லங்காட், பகாங்கில் ஜண்டா பாயிக், பேராக்கில் தாப்பா பக்கம் லாத்தா கிஞ்சாங், கெடாவில் கூலிமை அடுத்த சுங்கை செடிம் என்று ஒவ்வொரு மாநிலத்திலும் நமக்குத் தெரிந்த இடங்கள் உண்டு.

இடத்தைப் பேசுமுன் மாதத்தைப் பேசுங்கள். வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையை உலுக்கும். ஆண்டு இறுதியில் விடுமுறை கிடைத்தாலும் கெனிர் ஏரிக்கோ தாமான் நெகாராவுக்கோ அப்போது திட்டமிட வேண்டாம். மேற்குக் கரையில் நிலைமை வேறு. ஏப்ரல், மே மாதங்களிலும் மீண்டும் அக்டோபர் வாக்கிலும் பருவம் மாறும்போது, காலையில் வெயில் கொளுத்தும். பிற்பகலில் மலைப்பக்கம் இடி மழை கொட்டும். ஆற்றுக் குளியலைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீருக்குள் இறங்காமல் இருப்பது நல்லது. நம்மவர்கள் பெரும்பாலும் நேர்மாறாகச் செய்கிறோம். பத்து மணிக்கு வந்து, அடுப்பு மூட்டி, ஆட்டிறைச்சி வெந்து, சாப்பிட்டு முடித்து மூன்று மணிக்குத்தான் ஆற்றில் இறங்குகிறோம். மலையில் மழை பிடிக்கும் நேரமும் அதுதான்.

கெபாலா ஆயிர் எப்படி வருகிறது?

மலாய்க்காரர்கள் 'கெபாலா ஆயிர்' என்று சொல்லும் திடீர் நீர்ப்பெருக்கு, நாம் நிற்கும் இடத்தில் பெய்யும் மழையால் வருவதல்ல. ஆற்றின் தலைப்பகுதியில், பல கிலோமீட்டர் தள்ளி மலையுச்சியில் கொட்டிய மழை, சரிவான ஓடைகள் வழியாக ஒரே பள்ளத்தில் வந்து சேர்கிறது. சில நேரம் விழுந்த மரங்களும் இலைச் சருகும் மேலே அணைபோல அடைத்துக்கொண்டு நீரைத் தேக்கி வைக்கும். அது உடைந்தால் தேங்கியது அத்தனையும் கட்டை, பாறை, சேற்றோடு ஒரேயடியாக இறங்கும். கீழே குளிப்பவர்களின் தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கலாம். 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி கெடாவின் குனோங் ஜெராய் மலையில் பெய்த கனமழை இப்படித்தான் யான் வட்டாரத்தில் இறங்கியது. தித்தி ஹயூன் பொழுதுபோக்குத் தலம் சிதைந்தது, உயிர்களும் போயின.

வருவதற்கு முன் ஆறு சில அடையாளங்களைக் காட்டும். தெளிந்த நீர் திடீரென்று தேநீர் நிறத்துக்கு மாறும். இலை, குச்சி, நுரை மிதந்து வரும். நீர்மட்டம் சட்டென்று ஏறும். சில வேளை, மேலே அடைப்பு விழுந்ததால், காரணமில்லாமல் குறையும். குறைந்தால் பிள்ளைகள் இன்னும் உள்ளே போவார்கள், அதுதான் பயம். மேல்பக்கம் லாரி வருவதுபோல் இரைச்சல் கேட்டால் நேரமே இல்லை என்று பொருள். அப்போது ஆற்றோட்டத்தின் திசையில் ஓடக்கூடாது. பக்கவாட்டில், கரையேறி, உயரத்துக்குப் போக வேண்டும். சட்டி, பானை, கைப்பேசி எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் ஆற்றைக் கடந்து வர முயலாமல் அங்கேயே மேடு ஏறி நிற்கட்டும். தீயணைப்பு, மீட்புப் படை வந்து கயிறு கட்டி அழைத்து வரும்.

ஆற்றோரம் போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை பெரியவர் ஒருவர் அதைப் பார்க்கட்டும். காசு செலவில்லாத கருவி இது. கிளம்புமுன் மைசுவாச்சா செயலியில் வானிலை ஆய்வுத் துறையின் இடிமழை எச்சரிக்கையையும், வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் அந்த மாவட்டத்தின் மழை, ஆற்று மட்டத்தையும் பாருங்கள். நீங்கள் போகும் இடத்துக்கு மட்டுமல்ல, அந்த ஆறு எந்த மலையிலிருந்து வருகிறதோ அந்த இடத்துக்கும் பாருங்கள்.

தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்கள் சிலர், "ஆறு எங்களுக்குப் புதுசா?" என்பார்கள். புதிதல்லதான். லயத்துக்குப் பின்னால் ஓடிய ஆற்றில் எந்த மடு ஆழம், எந்தப் பாறை வழுக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் அந்த அறிவு அந்த ஆற்றோடு சரி. ஊர் மாறினால் ஆறும் மாறும். தாமானில் வளர்ந்த பேரப்பிள்ளைக்கு நீச்சல் குளம் தவிர வேறு தண்ணீர் தெரியாது.

உரிமம் உண்டா என்று கேளுங்கள்

2022 டிசம்பர் 16-ஆம் தேதி அதிகாலை பத்தாங் காலியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பள்ளி விடுமுறை. பண்ணை ஒன்றின் முகாமில் 92 பேர் தங்கியிருந்தார்கள். மேலேயிருந்த சாலையோரச் சரிவு மண் பெயர்ந்து வந்து, பிள்ளைகள் உட்பட 31 பேர் இறந்தார்கள். அந்த இடத்துக்குப் பண்ணை நடத்த அனுமதி இருந்தது, முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அதிகாரிகள் பிறகு தெரிவித்தனர்.

ஆகவே முன்பதிவு செய்யும்போது "பார்பிகியூ அடுப்பு உண்டா?" என்பதற்கு முன்னால், "மாவட்ட மன்ற உரிமம் உண்டா?" என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. காசு கொடுப்பவர் நீங்கள். அடுத்து, கூடாரத்துக்குப் பின்னால் மேடு எவ்வளவு உயரம், ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வரும், இரவில் காவலுக்கு ஆள் உண்டா, கைப்பேசி லைன் கிடைக்குமா என்பவற்றையும் கேளுங்கள். கூகள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் மலையும் ஆறும் எங்கே என்று நீங்களே பார்த்துவிடலாம். நேரில் போன பிறகு, மண் சரிவில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், சரிவிலிருந்து கலங்கல் நீர் கசிவது கண்ணில் பட்டால் முன்பணம் போனாலும் போகட்டும், வண்டியைத் திருப்புங்கள். மணல் திட்டில் கூடாரம் போடுவது படத்துக்கு அழகு. அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே வெள்ளம்தான்.

முதியவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் கூடாரத்தை விடச் சாலே மேல். இரவில் கழிவறைக்கு நடக்கும் தூரம் ஒரு பெரிய விஷயம். அதைப் பாட்டிமார் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கேம்பர்வேன் எடுப்பவர்கள், வண்டியின் மாற்றங்களுக்கு சாலைப் போக்குவரத்துத் துறை அங்கீகாரம் உண்டா, காப்புறுதி வாடகைக்கும் செல்லுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழை என்று கதவைச் சாத்திவிட்டு உள்ளே கரியடுப்பு வைப்பதோ, இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்குவதோ கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். இது கூடாரத்துக்கும் பொருந்தும்.

ஏரியின் ஆபத்து வேறு வகை. கெனிர், அணை கட்டி 1985-ல் உருவான ஏரி. இன்று நாம் தீவு என்று பார்ப்பவை அன்றைய குன்றுகளின் தலைகள். மூழ்கிய காட்டின் மரங்கள் இன்னும் நீருக்கடியில் நிற்கின்றன. படகு வீட்டிலிருந்து தலைகுப்புறக் குதிப்பது அதனால் ஆபத்து. பேராக்கின் தெமெங்கோர் ஏரி வழியாக ரோயல் பெலும் போகிறவர்கள் மாநிலப் பூங்காவின் அனுமதியை முன்னரே எடுக்க வேண்டும். கிரிக்–ஜெலி சாலையில் இருட்டியபின் யானை குறுக்கே வரும். பகலில் போய்ச் சேருங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பழைய ஈயக்குட்டைக்குப் போகவே வேண்டாம். இரண்டு அடி நடந்தால் தரை நழுவி ஆழத்தில் இறங்கிவிடும். பிடித்து ஏற கரை கிடைக்காது.

பிள்ளைகளுக்கு உயிர்காப்பு மேலாடை போடுங்கள். காற்றடித்த வாத்து பொம்மை அதற்கு ஈடாகாது. யாராவது மூழ்கினால் அடுத்தவர் குதிப்பதால்தான் ஒரே வீட்டில் இரண்டு சாவு விழுகிறது. கயிறு கட்டிய காலி எண்ணெய்த் தோங்கை எறியுங்கள், நீண்ட கொம்பை நீட்டுங்கள், 999-க்கு அழையுங்கள். பீர் குடித்தவர் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பதைக் கிளம்புமுன் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஆற்றங்கரையில் பேசினால் சண்டையாகும்.

சோற்றுச் சட்டியை ஆற்றில் கழுவாதீர்கள். மிச்சச் சாப்பாட்டை வெளியே விட்டால் இரவில் காட்டுப்பன்றியும், விடிந்தால் குரங்கும் வரும். குப்பை கிடக்கும் இடத்தில் எலி பெருகும். அதன் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு காயம் வழியாகவும் உடம்புக்குள் நோயைக் கொண்டுவரும். 2010-ல் பகாங், மாரான் லுபுக் யூவில் மூழ்கிய ஒருவரைத் தேடித் தண்ணீரில் இறங்கியவர்களுக்கே எலிச்சிறுநீர் நோயும் மண்கிருமி நோயான மெலியோய்டோசிசும் தொற்றிச் சிலர் இறந்தார்கள். புண் உள்ளவர்களும், நம்மில் நிறையப் பேருக்கு இருக்கும் நீரிழிவுக்காரர்களும் காலைப் பார்த்துக்கொண்டு இறங்க வேண்டும். வீடு திரும்பி ஓரிரு வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் பனடோல் போட்டுக் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். போனதும், "ஆற்றில் குளித்தேன்" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். டெங்கிதான் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு; ஆறு என்று காதில் விழுந்தால்தான் வேறு ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார்.