ஒரே அடுப்படியில் நாயும் பூனையும்

பகைக்கு உவமை கூறவேண்டின் ‘நாயும் பூனையும் போல’ என்கிறோம். ஆயினும், குளிர் மிகுந்த ஹட்டன், நுவரெலியா தோட்டங்களின் லயன் காம்பராக்களில், இவ்விரு பிராணிகளும் ஒரே அடுப்பின் கதகதப்பைப் பங்கிட்டு உறங்குவதை நாம் கண்டிருக்கிறோம்.

இவற்றின் சண்டைக்குப் பாஷை பேதமும் ஒரு காரணம். நாய் வாலாட்டுவது பெரும்பாலும் சிநேகத்தைக் குறிக்கும். பூனை வாலை விசிறி அடிப்பதோ சினத்தைக் குறிக்கும். பிறந்து 2 வாரம் முதல் 7 வாரம் வரையுள்ள பருவத்தில் நாயுடன் பழகிய பூனைக்குட்டி, பின்னர் அதற்கு அஞ்சுவது அரிது. வளர்ந்த பூனையாயின், ஏறி ஒதுங்க ஒரு பரணும், தனி உணவுத் தட்டும் அதற்கு வேண்டும்.

மலைநாட்டில் இச்சிநேகம் உயிரையும் காக்கும். இரவில் லயத்தருகே வரும் சிறுத்தை, இஸ்தோப்பில் படுத்திருக்கும் நாயைக் கவ்விச் செல்வதுண்டு. அச்சிறுத்தையும் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்றோ! ஆகவே, இருட்டியதும் நாயை உள்ளே அழைத்துக் கதவடைப்பதே நலம். அங்கே பூனை இடங்கொடுத்தால்தான் வீட்டில் அமைதி நிலவும். இரண்டிற்கும் ஆண்டுதோறும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி போடுவித்தால், குழந்தைகளும் அச்சமின்றி அவற்றுடன் குளிர்காயலாம்.