மறைத்த கேள்வியும் பதில் சொல்லும்

சில வருடங்களுக்கு முன்பு, நண்பர்கள் வட்டத்தில் வாசிப்புப் பழக்கம் பற்றி இணையத்தில் ஒரு சின்ன சர்வே நடத்தினேன். "மின்னூல் படிப்பீர்களா?" என்று ஒரு கேள்வி. "ஆம்" என்றால் மட்டும் "வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?" என்ற அடுத்த கேள்வி தெரிய வேண்டும். பத்து வரி ஜாவாஸ்கிரிப்ட். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பதில்களைக் கூட்டும்போதுதான் இடித்தது. மின்னூலே படிப்பதில்லை என்றவர்களில் சிலர், வாரத்துக்கு நாலு மணி நேரம் மின்னூல் படிக்கிறார்களாம்!

நடந்தது இதுதான். முதலில் "ஆம்" என்று தட்டி, 4 என்று போட்டு, பிறகு "இல்லை" என்று மாற்றியிருக்கிறார்கள். கேள்வி மறைந்துவிட்டது, உள்ளே போட்ட 4 மறையவில்லை. சிஎஸ்எஸ்ஸில் 'டிஸ்ப்ளே: நன்' என்று எழுதுவது கண்ணுக்குப் போடும் திரை மட்டுமே. படிவத்தை அனுப்பும்போது திரைக்குப் பின்னால் இருப்பதையும் பிரவுசர் சேர்த்தே அனுப்பும்.

அப்போ என்ன செய்யலாம்? மறைக்கும்போதே அந்தப் பெட்டியை 'டிசேபிள்ட்' ஆக்கிவிடுங்கள். அப்படிப்பட்ட பெட்டியின் மதிப்பை பிரவுசர் அனுப்பாது. அவர் மனம் மாறி மறுபடி "ஆம்" என்றால் டிசேபிளை எடுத்துவிட்டால் போதும், பழைய பதில் அப்படியே இருக்கும். பல கேள்விகளை ஒன்றாக மறைக்க வேண்டுமா? அவற்றை ஒரு ஃபீல்ட்செட்டுக்குள் போட்டு, அதை டிசேபிள் செய்யலாம்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. மறைந்த கேள்வி 'ரெக்கொயர்ட்' ஆக இருந்து காலியாகவும் இருந்தால், சமர்ப்பி பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் படிவம் போகாது. ஏன் என்று பயனருக்கும் புரியாது. டிசேபிள் செய்த பெட்டிக்கு அந்தச் சோதனையே கிடையாது.

ஆனா ஸ்கிரிப்டை மட்டும் நம்பக் கூடாது. அதே நிபந்தனையை சர்வரிலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சேமிக்கும்போது "கேட்கவில்லை" என்பதையும் "கேட்டோம், பதில் இல்லை" என்பதையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டும் வெறும் காலி இடமாகக் கிடந்தால், எத்தனை பேர் பதில் சொல்லாமல் விட்டார்கள் என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை.

என் சர்வேயில் அந்த 4 தவறா, இல்லை "இல்லை" தவறா? கடைசி வரை தெரியவில்லை. அந்தப் பதில்களைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவைத்தேன். நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னவர்களின் உழைப்பை என் பத்து வரி வீணடித்துவிட்டது.

இப்போதெல்லாம் எந்த சர்வேயையும் வெளியிடும் முன் நானே "ஆம்" சொல்லி, நிரப்பி, "இல்லை" என்று மாற்றி அனுப்புகிறேன். பிறகு திரையைப் பார்ப்பதில்லை, நேராக டேட்டாபேஸைத்தான் பார்க்கிறேன்.