நடந்து கண்ட பாரிஸ்

ஒரு பெருநகரத்தை முதன்முதலாகக் காணச் செல்லும் பிரயாணி, அந்நகரைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டவற்றையும் படங்களில் தான் பார்த்தவற்றையும் மனத்திலே சுமந்துகொண்டுதான் செல்கிறான். பாரிஸ் என்ற மாத்திரத்தில் ஈபிள் கோபுரமும் லூவ்ர் சித்திரசாலையும் நோத்ர தாம் தேவாலயமும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. அவற்றைக் காணும் ஆவலோடுதான் நானும் அந்நகரில் போய் இறங்கினேன். அவை மனத்துக்கு நிறைவளித்தன என்பதிலும் ஐயமில்லை. ஆயினும், வடக்கு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து, ஸேன் நதியை நோக்கித் தெற்கே நடக்கத் தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் என் உள்ளத்தைக் கவர்ந்து, அங்கிருந்து புறப்படும் வரையில் விடாமல் பற்றிக்கொண்டது, அந்நகரின் வீதி. சீட்டு வாங்கி உள்ளே போய்ப் பார்க்க வேண்டாத, எவருக்கும் தனியுடைமையாகாத வீதியே பாரிஸின் தலைசிறந்த கலைச்செல்வம் என்று நான் கருதுகிறேன்.

அவ்வீதிகளில் முதலில் கண்ணில் படுவது வீடுகளின் ஒருமைப்பாடு. வெண்மையில் இளமஞ்சள் கலந்த கல்லால் எழுப்பிய முகப்புகள். இரண்டாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் வீட்டின் அகலம் முழுவதும் நீண்டு செல்லும், இரும்புக் கிராதி பொருத்திய உப்பரிகைகள். அவற்றுக்கு மேலே சாய்வாக இறங்கும் நீலச்சாம்பல் நிறத் துத்தநாகக் கூரைகள். கூரைமீது வரிசை வரிசையாகப் புகைபோக்கிகள். ஒரு வீட்டின் உப்பரிகை எந்த மட்டத்தில் முடிகிறதோ, ஏறக்குறைய அதே மட்டத்தில் அடுத்த வீட்டின் உப்பரிகை தொடங்குகிறது. ஒரே பந்தியில் இலை போட்டு அமர்ந்தவர்களைப் போல, செல்வர் வீடென்றும் மற்றவர் வீடென்றும் வேற்றுமை தோன்றாமல், அவை தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. சற்று நெருங்கிச் சென்று சுவரை உற்று நோக்கினால், அந்தக் கல்லிலே சிறு சிறு சங்குகளின் சுவடுகள் பதிந்திருப்பதைச் சில இடங்களில் காணலாம். இன்று பாரிஸ் இருக்கும் நிலப்பரப்பு, நாலரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற வெப்பக் கடலாக இருந்தது. அக்கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக் கல்லை வெட்டியெடுத்துத்தான், தன் காலடியிலிருந்தே தன்னைக் கட்டிக்கொண்டது இந்நகரம்.

முகப்பில் தெரியும் சமத்துவம் வீட்டுக்குள்ளே இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மின்தூக்கி வருவதற்கு முற்பட்ட காலத்தில், அதிகம் படியேற வேண்டாத இரண்டாம் மாடியே செல்வர்களுக்கு உரியதாக இருந்தது. மேலே செல்லச் செல்ல வாடகை குறைந்தது. கூரைக்கு அடியிலிருந்த சிற்றறைகளில் பணிப்பெண்கள் வசித்தார்கள். வீட்டு முகப்பைக் கீழிருந்து மேலாகப் பார்ப்பவர்களுக்கு அக்காலத்துச் சமூகத்தின் படிநிலைகள் அத்தனையும் சாளரங்களின் உயரத்திலேயே புலப்பட்டுவிடும்.

இந்த ஒழுங்கு தானாக வந்து வாய்த்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் பாரிஸ் குறுகிய சந்துகளும் இருண்ட வீடுகளும் மண்டிய நகரமாகவே இருந்தது. 1832-இல் பரவிய காலரா நோய் ஏறத்தாழ 18,000 பேரை அந்நகரில் பலிகொண்டது. மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியான பிறகு, 1853-இல், ஜார்ஜ் ஓஸ்மான் என்பவரை நிர்வாகத் தலைவராக நியமித்து, நகரத்தையே புதுப்பிக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தான். 1870-இன் தொடக்கத்தில் பதவியிலிருந்து நீக்கப்படும் வரையில், ஓஸ்மான் பழைய குடியிருப்புகளை ஊடறுத்து நேரான அகன்ற சாலைகளை அமைத்தார், இருமருங்கிலும் மரங்களை வைத்தார், ரயில் நிலையங்களை நகரின் மையத்தோடு இணைத்தார், பூங்காக்களைத் திறந்தார். 1860-இல் சுற்றுப்புறக் கிராமங்களும் நகரோடு சேர்க்கப்பட்டு, நத்தையின் ஓட்டில் காணும் சுழியைப் போன்று மையத்திலிருந்து சுற்றிச் செல்லும் 20 வட்டாரங்கள் வகுக்கப்பட்டன. வீதியின் அகலத்துக்குத் தக்கவாறே வீட்டின் உயரம் இருக்க வேண்டும் என்ற விதி, பழைய முடியரசின் காலத்திலேயே தோன்றி, அவர் காலத்தில் மேலும் செப்பமாகி அமலுக்கு வந்தது. நான் நடந்து சென்ற செபஸ்தோபோல் பெருவீதி, 30 மீட்டர் அகலமுள்ளதாக 1858-இல் திறந்து வைக்கப்பட்டது. அதன் நடுவிலே நின்று பார்க்கையில் வானம் எவ்வளவு விசாலமாகத் தெரிகிறது என்பதை உணரும்போதுதான், வெளிச்சத்தையும் காற்றையும் பங்கிட்டுக் கொடுப்பதற்காக வகுத்த சட்டம் அது என்பது நமக்கு விளங்குகிறது.

இந்தப் புதுப்பித்தலுக்குக் கொடுத்த விலை மிகப் பெரிது. ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் தங்கள் வாசஸ்தலங்களை இழந்து நகரின் விளிம்புகளுக்கு ஒதுங்க நேர்ந்தது. நோத்ர தாமைச் சூழ்ந்திருந்த புராதனத் தெருக்கள் பலவும் சுவடின்றி மறைந்தன. நகரசபையின் தலைமேல் கடன் மலையாகக் குவிந்தது. கலகக்காரர்கள் தெருவை மறித்துத் தடுப்பரண் எழுப்புவதைக் கடினமாக்குவதும், படைகள் விரைந்து செல்ல வழி செய்வதும் இத்திட்டத்தின் நோக்கங்களில் சேர்ந்தவையே என்று அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது. இன்றைய அழகை அனுபவிக்கும் நாம், அதன் பொருட்டு வீடிழந்தவர்களையும் நினைவிற் கொள்வதே நியாயம்.

தரைக்கு மேலே ஓஸ்மான் செய்ததற்கு நிகரான காரியத்தைத் தரைக்குக் கீழே செய்தவர் யூஜீன் பெல்கிரான் என்னும் பொறியாளர். தொலைதூர ஊற்றுகளிலிருந்து குடிநீரைக் கொணர்ந்ததும், மனிதர் நிமிர்ந்து நடக்கக்கூடிய கழிவுநீர்ச் சுரங்கங்களை விஸ்தரித்ததும் அவருடைய பணிகள். இன்று 2,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் அச்சுரங்கங்களில், மேலே உள்ள வீதியின் பெயர் கீழேயும் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பாரிஸுக்கு நேர் கீழே, கண்ணுக்குத் தெரியாத பாரிஸ் ஒன்று இரவும் பகலும் உழைத்துக்கொண்டிருக்கிறது. குடிநீருக்கென ஒரு குழாய்த் தொகுதியும், வீதி கழுவவும் மரங்களுக்கு ஊற்றவும் மற்றொரு தொகுதியுமாக, இருவகை நீரைத் தனித்தனியே கொண்டுசெல்லும் ஏற்பாடு இந்நகருக்கு உண்டு. இரண்டாவது வகை நீர் ஸேன் நதியிலிருந்தும் ஊர்க் என்னும் பெயருள்ள கால்வாயிலிருந்தும் வருகிறது.

அந்த ஏற்பாட்டின் பயனை விடியற்காலையில் எழுந்து வீதிக்கு வருபவர்கள் நேரிலே காணலாம். பச்சை நிறச் சீருடை அணிந்த பணியாளர் ஒருவர் நடைபாதையின் விளிம்பிலுள்ள ஒரு மூடியை நீண்ட சாவியால் திறக்கிறார். தண்ணீர் குபுகுபுவென்று வெளிப்பட்டு, பாதையோர வாய்க்காலில் ஓடத் தொடங்குகிறது. பழைய கம்பளத் துண்டொன்றைச் சுருட்டிக் கட்டிய உருளையை அவர் காலாலே நகர்த்தி அணையாக வைக்க, நீர் தான் போக நினைத்த திசையை விட்டு, அவர் விரும்பிய திசையில் திரும்பி ஓடுகிறது. பின்னர் நீண்ட பச்சைத் துடைப்பத்தால் சருகையும் காகிதத்தையும் நீரோட்டத்திலே தள்ளிக்கொண்டே, சாக்கடையின் வாய் வரையில் நடந்து செல்கிறார். நூற்றைம்பது ஆண்டு காலப் பொறியியல் அத்தனையும், ஒரு தொழிலாளியின் கால் நகர்த்தும் அந்தக் கம்பளச் சுருளிலே வந்து பூர்த்தியாவதைப் பார்த்தபோது, அந்நகரின் சுத்தத்துக்கு யார் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

அந்நியன் வழி தவறாமல் நடப்பதற்கும் இந்நகரம் நெடுநாளாகவே வகை செய்து வைத்திருக்கிறது. வீதிமுனை தோறும் பச்சை விளிம்பிட்ட நீலப் பலகையில் வீதியின் பெயரும், அதன் மேல் வட்டாரத்தின் எண்ணும் வெள்ளை எழுத்தில் விளங்குகின்றன. 1805-இல் வகுத்த முறைப்படி, நதியை நோக்கிச் செல்லும் வீதிகளில் வீட்டு எண்கள் நதியின் பக்கத்திலிருந்து தொடங்குகின்றன. நதிக்கு இணையாக ஓடும் வீதிகளில், நீரோட்டம் செல்லும் திசையிலே எண்கள் ஏறிச் செல்கின்றன. அவ்வாறு செல்கையில் இரட்டைப்படை எண்கள் வலப்புறமும் ஒற்றைப்படை எண்கள் இடப்புறமும் அமையும். எனவே பிரெஞ்சு மொழியில் ஒரு சொல்லும் அறியாதவனும், நாலைந்து வீட்டுக் கதவுகளின் எண்களைப் பார்த்த அளவிலேயே, நதி எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நடப்பவன் களைத்தால் தாகம் தணிக்கவும் உட்காரவும் இடமுண்டு. பிரஷ்யப் படைகளின் முற்றுகையாலும், அதைத் தொடர்ந்த 1871-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலகத்தாலும் பாரிஸ் சிதைந்து, குடிநீருக்கு ஏழைகள் தவித்த நிலையைக் கண்டு மனம் இரங்கிய ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலச் செல்வர், வீதிகளில் எவரும் விலையின்றி நீர் அருந்தும்படியான ஊற்றுக் கம்பங்களைத் தம் சொந்தச் செலவில் 1872 முதல் அமைத்துக் கொடுத்தார். நான்கு பெண்ணுருவங்கள் தலைமீது கவிகையைத் தாங்கி நிற்க, நடுவிலே மெல்லிய தாரையாக நீர் இறங்குகிறது; கருணை, எளிமை, தர்மம், நிதானம் ஆகிய நான்கு குணங்களை அவ்வுருவங்கள் குறிக்கின்றன என்பர். நம் முன்னோர் கோடைக்காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்த அறத்தை அறிந்த எவருக்கும் அந்த ஊற்றுகள் அந்நியமாகத் தோன்றமாட்டா. அவ்வாறே, பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றியின் விதவையான மரீ தெ மெடிசி தமக்கென அமைத்துக்கொண்ட லக்ஸம்பர்க் தோட்டத்தில், இன்று பச்சை இரும்பு நாற்காலிகள் தரையில் பிணைக்கப்படாமல் பரவிக் கிடக்கின்றன. முன்பு உட்காரக் கட்டணம் உண்டு, இப்போது இல்லை. முதியவர் ஒருவர் தம் நாற்காலியை இளவெயில் விழும் இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறார். மாணவி ஒருத்தி நிழலுக்கு இழுத்துச் செல்கிறாள். மகாராணியின் தோட்டத்தில் எங்கே உட்காருவது என்பதை இன்று தீர்மானிப்பவர்கள் சாதாரண ஜனங்களே.

வடக்கு ரயில் நிலையத்துக்குச் சற்று வடக்கே லா ஷப்பேல் என்னும் பகுதியில், இதே துத்தநாகக் கூரைகளுக்கும் இதே உப்பரிகைகளுக்கும் கீழே, தமிழ் எழுத்துகள் கடைப் பலகைகளில் ஒளிர்கின்றன. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் வழிவந்தோரும், 1980-களில் போரினால் ஊரைப் பிரிந்து வந்த ஈழத்தமிழரும் பிரான்ஸில் வாழ்கின்றனர். “அண்ணை, கறிவேப்பிலையும் போடவோ?” என்று கடைக்காரர் கேட்டபோது, யாழ்ப்பாணத்துப் பேச்சு அவ்வீதியில் உரிமையோடு குடியேறிவிட்டதை உணர்ந்தேன். 1985-இல் நிறுவப்பெற்ற மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், ஆண்டுதோறும் கோடையின் முடிவில் அப்பகுதியின் வீதிகளில் உலா வருகிறது, தேங்காய்கள் சிதறுகின்றன, பிரெஞ்சுக்காரர்கள் நடைபாதையில் குழந்தைகளோடு நின்று தரிசிக்கிறார்கள். வெகு தூரத்திலிருந்து வந்தவர்களும் தம் தெய்வத்தை வெளியே எழுந்தருளச் செய்வதற்கு இடம் கொடுக்கும்போதுதான், ஒரு வீதி உண்மையிலேயே பொதுவீதியாகிறது.

ஈபிள் கோபுரத்தைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. 1889-ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்டு, 20 ஆண்டுகளில் கழற்றிவிடுவதற்கு இருந்த அது, கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டதனால் பிழைத்து, இன்று 330 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அது இத்தனை கம்பீரமாகத் தோன்றுவதற்கு அதன் உயரம் மாத்திரம் காரணமாகாது. சுற்றிலும் உள்ள நகரம் தாழ்ந்து நின்று அதற்கு வழிவிடுவதும் காரணம். 1973-இல் மோம்பர்னாஸில் 200 மீட்டருக்கு மேல் உயர்ந்த அலுவலகக் கட்டிடம் ஒன்று எழுந்தபோது, ஜனங்கள் மனம் வருந்தினார்கள். 1977-இல் நகரம் புதிய கட்டிடங்களுக்கு 37 மீட்டர் என்ற வரம்பை விதித்தது. நிலத்தின் விலை பொன்னுக்கு நிகராக ஏறிய நகரமொன்று, உயர்ந்து கட்டினால் வரக்கூடிய லாபத்தைத் துறந்து, தன் வானத்தைக் காத்துக்கொள்ளத் துணிந்ததை நான் ஒரு பெரிய நாகரிகச் செயலாகவே மதிக்கிறேன்.

ஐரோப்பாவின் பெருநகரங்களுக்கு முதன்முறை செல்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். சித்திரசாலைக்கும் கோபுரத்துக்கும் போவதற்கு முன், முதல் நாளை நடப்பதற்கென்று ஒதுக்குங்கள். வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேளுங்கள். காசில்லாதவன் எங்கே உட்காருகிறான் என்று கவனியுங்கள். மன்னர்களின் செல்வத்தால் அரண்மனை எந்த நாட்டிலும் எழும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் விருப்பத்தில் சிறிது விட்டுக்கொடுத்து, அவ்வாறு விட்டுக்கொடுத்ததைத் தலைமுறை தலைமுறையாக ஒரு சட்டம் காத்து, அதை ஒரு தொழிலாளி தினமும் கழுவித் துலக்கினால்தான் அழகிய வீதி அமையும். நம் ஊர்களின் வீதிகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், பாரிஸின் கோபுரத்தைக் காட்டிலும் அதன் நடைபாதையிலிருந்தே அதிகம் கற்றுக்கொள்ளலாம்.